கால்பந்து லீக் வரலாற்றில் நம்பவே முடியாத, ஆனால் உண்மையான புள்ளிவிவரம் எது?

பெருஜியா. யோசிக்காம சொல்லுவேன். 1978-79-ல இத்தாலியோட டாப் லீக்கான சீரி ஆ-ல 30 மேட்ச் ஆடி ஒண்ணுல கூட தோக்கல, ஆனா சாம்பியன் ஏசி மிலான். 11 ஜெயிச்சு 19 டிரா, அப்பல்லாம் ஜெயிச்சா 2 பாயிண்ட்தான், மொத்தம் 41. மிலான் 3 மேட்ச் தோத்தும் 17 ஜெயிச்சு 10 டிரா பண்ணி 44 எடுத்துட்டாங்க. இப்ப இருக்கற 3 பாயிண்ட் கணக்கு போட்டா 61-க்கு 52, இன்னும் தள்ளிப் போயிடுது.

நீங்க காலேஜ் குவிஸுக்குத்தான் கேக்கறீங்கன்னு நினைக்கறேன். அப்படின்னா ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். சில வருஷம் முன்னாடி சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு ஹால்ல ஸ்போர்ட்ஸ் குவிஸ், நானும் மச்சானும் ஒரு டீம். இங்கிலாந்து டாப் டிவிஷன்ல ஒரு சீசன் முழுக்க தோக்காம இருந்த முதல் டீம் எதுன்னு கேள்வி. நான் பிரெஸ்டன் நார்த் எண்ட், 1888-89-ன்னு சொன்னேன். குவிஸ் நடத்துனவரு தப்புன்னுட்டாரு, ஆர்சனலாம். சார், ஆர்சனல் 2003-04 சார், 38 மேட்ச்ல 26 வின் 12 டிரா, அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடி லீக் ஆரம்பிச்ச முதல் சீசன்லயே பிரெஸ்டன் 22 மேட்ச்ல 18 வின் 4 டிரா, அந்த வருஷம் எஃப்ஏ கப்லயும் (லீக் இல்லாம தனியா நடக்கற நாக்-அவுட் போட்டி) ஒரு கோல் கூட வாங்காம அதையும் தூக்குனாங்கன்னு எந்திரிச்சு நின்னு சொல்றேன், "தம்பி, கார்டுல இருக்கறதுதான் ஆன்ஸர், உக்காருங்க"ன்னு முடிச்சுட்டாரு. அந்த ஒரு கேள்வியில பைனல் போச்சு. 12 டீம் லீக்கையும் 20 டீம் லீக்கையும் எப்படி ஒண்ணா பாக்கறதுன்னு சண்டைக்கு வருவீங்க, எது பெருசுன்னு நான் சொல்லவே இல்லைங்க, கேட்டது 'முதல்' எதுன்னுதான். விக்கிபீடியா பாத்து எழுதறான்னு சொல்றவங்க, அன்னிக்கு அந்த ஹால்ல எல்லார் போனையும் வாங்கி வெச்சுட்டாங்கங்கறத தெரிஞ்சுக்கங்க.

இன்னொண்ணும் வெச்சுக்கங்க. இங்கிலாந்து டாப் டிவிஷன்ல மான்செஸ்டர் சிட்டி 1936-37-ல சாம்பியன், அடுத்த சீசனே ரெலகேஷன், அதாவது கீழ் டிவிஷனுக்கு இறக்கிட்டாங்க. அதுவும் எப்படி, அந்த சீசன்ல டிவிஷன்லயே அதிக கோல் அடிச்சது அவங்கதான், 80. வாங்குனது 77. சாம்பியனான ஆர்சனல் அடிச்சதே 77தான்! பிளஸ் கோல் டிஃபரன்ஸோட, அதாவது வாங்குனத விட அதிகமா அடிச்சும், கீழ இறங்கியிருக்காங்க பாருங்க.

வெளிநாட்டுக் கதை மட்டும் எதுக்கு. மிசோரம் டீம் ஐசால் எஃப்சி 2015-16-ல இந்தியாவோட தேசிய லீக்கான ஐ-லீக்ல ரெலகேஷன் ஆகி, அப்புறம் திரும்ப சேத்துக்கிட்டாங்க, 2016-17-ல 37 பாயிண்டோட சாம்பியன், மோகன் பகான் 36. நம்ம சென்னை சிட்டி 2018-19-ல சாம்பியன் ஆனதும் அதே ஒரு பாயிண்ட் வித்தியாசத்துலதான், 43, ஈஸ்ட் பெங்கால் 42. பேரு சென்னை, அப்ப ஹோம் கிரவுண்ட் கோவை நேரு ஸ்டேடியம். கடைசி மேட்ச் மினர்வா பஞ்சாப் டீம் கூட, சேலத்துல இருந்து பஸ் புடிச்சுப் போயி பாத்தோம். ஆரம்பத்துலயே கோல் வாங்கிட்டோம், அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா முடிஞ்சுது, அவங்க கோழிக்கோட்டுல ஜெயிக்கவும் செஞ்சாங்க. பெட்ரோ மான்சி பெனால்டி போட்டு சமன் பண்ணாரு, அப்புறம் டிஃபெண்டர் கௌரவ் போரா ரெண்டு, 3-1. தொண்டை போயி ரெண்டு நாள் பேச முடியல.

ஆனா எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, 1888-ல யாரு கோல் அடிச்சாங்கன்னு இப்ப பாக்கலாம், ஏற்காட்டுல எஸ்டேட் பசங்க போன டோர்னமென்ட்ல அடிச்ச கோல் எங்கயும் இல்ல. ஸ்கோர சார்ட் அட்டையில எழுதறாங்க, மழையில நனைஞ்சு போச்சுன்னா அவ்வளவுதான். மாலைக்கும் சால்வைக்கும் மைக் செட்டுக்கும் காசு இருக்கு, நாப்பது ரூவா நோட்டு ஒண்ணு வாங்கி எழுதி வைக்க ஆள் இல்ல. கமிட்டிக்காரங்ககிட்ட கேட்டா "அதெல்லாம் எதுக்குப்பா, யாரு ஜெயிச்சான்னு தெரியும்ல"ங்கறாங்க. போன வருஷம் கோல் மழையா அடிச்ச பையன் இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போட அவன்கிட்ட காட்டறதுக்கு ஒரு பேப்பர் கெடையாது.

சேலம், ஏற்காடு பக்கம் பழைய ஃபிக்ஸ்சர் பேப்பர், ஸ்கோர் நோட்டு, நோட்டீஸ் எதுனா வீட்டுல வெச்சிருந்தா சொல்லுங்க. நானே வந்து போட்டோ எடுத்து டைப் பண்ணிக்கறேன், நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்.