கருமணி வைக்காத படம்

கேள்வி: துர்காபூரில் வேலை பார்க்கும் என் தம்பி அங்கே ஒரு கைவினைச் சந்தையில் சின்னப் படம் ஒன்று வாங்கி வந்தான். சேலை கட்டிய பெண், பக்கத்தில் ஒரு செம்பு. கண்ணில் வெள்ளை மட்டும்தான், கருமணி இல்லை. "இது செத்தவங்க படம்" என்றாராம் விற்றவர். வீட்டுக்குள் வைக்கவே கூடாது என்கிறார் என் மாமியார். மாட்டலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாக மாட்டலாம். காரணம் சொல்ல ஒரு பழைய கதைக்குப் போக வேண்டும்.

எண்பதுகளில் தும்காவில் ஒரு வங்கிக் கிளையில் இருந்தேன். அப்போது அது பீகார். ஜார்க்கண்ட் பிரிந்தது 2000-இல்தான். சுற்றிலும் சந்தால் பழங்குடியினரின் கிராமங்கள். எங்கள் பியூனின் அம்மா தவறிப்போய்ச் சில நாள் கழித்து, துக்கம் கேட்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது துணிப்பையும் தோளுமாக ஒருவர் வந்தார். ஜாதுபட்டுவா. சந்தால்களுக்குப் படம் எழுதிக் கொடுத்தே பிழைக்கும் சமூகம். நீளச் சுருளை விரித்து, பில்சு ஹாராம், பில்சு பூடி என்ற ஆதி தம்பதி பறவை முட்டையிலிருந்து பிறந்த கதையைப் பாடுவார்கள். எமலோகத் தண்டனைகளையும் காட்டுவார்கள். சாவு வீட்டுக்கென்று சின்னதாகத் தனிப் படம் உண்டு.

அவர் எடுத்த படத்திலும் ஒரு பெண்தான், கருமணி இல்லாமல். "அம்மா அங்கே கண் தெரியாமல் தடுமாறுகிறாள். செம்பைக் கேட்கிறாள்" என்றார். உள்ளேயிருந்து பித்தளைச் செம்பு ஒன்று வந்தது, விளிம்பு நசுங்கியது. கூடவே ஒரு முறம் நெல். வாங்கி வைத்துக்கொண்டு, தூரிகையை மையில் தோய்த்து, கண்ணுக்குள் ஒரே ஒரு புள்ளி வைத்தார். அதுவரை கல்லாக நின்றிருந்த பியூனின் தங்கை அப்போதுதான் அழுதாள். இதற்குச் சக்ஷுதானம் என்று பெயர், கண் கொடுப்பது.

அவர் பையை எட்டிப் பார்த்தேன் (கெட்ட பழக்கம்தான்). ஆண், பெண், குழந்தை என்று நாலைந்து படங்கள் தயாராக இருந்தன. அப்புறம் பியூனிடம், "உங்கம்மா ஜாடையே இல்லையேப்பா" என்றேன். "பார்வைதானே சார் வேணும், ஜாடை எதுக்கு?" என்றான்.

இதை ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. போகிற வழி சுடும் என்று நம் வீடுகளில் செருப்பும் குடையும் தானம் கொடுக்கிறோம். வைதரணி தாண்டப் பசுமாடு. போய்ச் சேர்ந்ததா என்று யாரிடமாவது ரசீது கேட்டோமா? அங்கே ஒரு புள்ளியாவது கண்ணெதிரே விழுகிறது. உங்கள் தம்பியின் ஊரை ஒட்டி ஓடும் தாமோதர் நதியில்தான் சந்தால்கள் எலும்பு கரைப்பார்கள். அதற்கும் ரசீது கிடையாது.

இனி உங்கள் மாமியாருக்கு. நம்மூர்க் கோயிலில் ஸ்தபதி கண் திறக்கும்வரை சிலை வெறும் கல். இதுவும் அதே கணக்குதான். புள்ளி வைத்தால்தான் அந்தப் படம் இன்னாருடையது என்று ஆகும். உங்களிடம் இருப்பது இன்னும் யாருடைய படமும் இல்லை. ஹாலிலேயே மாட்டுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மட்டும், ஸ்கெட்ச் பேனா எட்டாத உயரத்தில்.