உடலில் செல் துண்டு (போரில் வெடித்த எறிகணையின் சிதறல்) இருப்பவரிடம் படம் எடுக்கும் அறையில் எதைக் கேட்கலாம், அதை யாரிடம் சொல்லலாம்?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்க மக்களுக்குப் பல ஆண்டுகள் படம் எடுத்த கதிர்ப்படவியலாளன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். 2009இல் போர் முடிந்து இத்தனை காலமான பின்னும், இருமலுக்கென்று எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் விலா எலும்பின் மேல் வெள்ளையாய் ஒரு துண்டு தெரிவது வன்னியில் புதுமையன்று.

கேட்டே ஆக வேண்டிய இடம் எம்.ஆர்.ஐ. அறை. அங்குள்ள காந்தம் படம் எடுக்கும் வேளையில் மட்டுமன்றி இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருப்பதால், கண்ணுக்குள்ளோ முண்ணாணுக்கு (தண்டுவடத்துக்கு) அருகிலோ கிடக்கும் இரும்புத் துண்டு அசைந்து பார்வையையோ நடையையோ பறித்துவிடக்கூடும். தசைக்குள் தழும்பு மூடிக் கிடப்பவை பெரும்பாலும் அவ்வளவு ஆபத்தானவையல்ல. ஆனால் எக்ஸ்ரே துண்டின் இடத்தைக் காட்டுமேயன்றி, அது காந்தத்துக்கு இழுபடும் உலோகமா என்பதைக் காட்டாது. ஆகவே முடிவு கதிரியல் நிபுணருடையது. அவருக்கு உண்மையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம்முடைய கடமை.

அந்தக் கடமையில் நான் ஒருமுறை தவறவிருந்தேன். முதுகுவலியோடு வந்த ஓர் அம்மாவிடம், வாங்கில் பலர் காத்திருக்க, படிவத்தில் இருந்தபடியே "உடலில் உலோகப் பொருட்கள் ஏதும் பொருத்தப்பட்டுள்ளனவா?" என்று வாசித்தேன். "இல்லைத் தம்பி" என்றார். அவருடைய முழங்கையில் இருந்த பழைய தழும்பு மனத்தை உறுத்தியதால், உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தி, காந்தம் என்ன செய்யும் என்பதை விளக்கிவிட்டு, "செல் துண்டு ஏதும் கிடக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். "அது முதுகிலை ரெண்டு கிடக்குது. எனக்கு ஆரும் ஒண்டும் பொருத்தேல்லையே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குப் புரியும் சொல்லில் நான் கேட்கவில்லை. அடுத்தவர் காதில் விழும்படி கேட்டிருந்தால், புரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். எங்கே, எப்போது, எப்படிக் காயம் பட்டது என்ற கேள்விகளை மருத்துவத்துக்காக அல்லாமல் வேறு காரணங்களுக்காக எதிர்கொண்டவர்கள் இங்கே பலர். ஆகவே துண்டு எங்கே கிடக்கிறது, முன்பு எம்.ஆர்.ஐ. எடுத்ததுண்டா என்பவற்றைக் கேளுங்கள். அவர் எங்கே நின்றார், என்ன செய்துகொண்டிருந்தார் என்பவை படத்துக்குத் தேவையற்றவை, கேட்காதீர்கள்.

யாரிடம் சொல்லலாம் என்பதற்கு என் பதில் கண்டிப்பானது: சிகிச்சையளிக்கும் மருத்துவர், கதிரியல் நிபுணர், எம்.ஆர்.ஐ. அறையில் அவரைப் பொறுப்பேற்பவர். ஒரு மருத்துவமனையில், பெயரை மறைத்துவிட்டோமே என்ற எண்ணத்தில் இத்தகைய படமொன்றைக் கைப்பேசியில் பகிர்ந்ததைக் கண்டிருக்கிறேன். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில், இடுப்பில் மூன்று துண்டு என்றாலே ஆள் இன்னாரென்று தெரிந்துவிடும்.

அந்த அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ.க்குப் பதிலாக, காந்தமின்றி எக்ஸ்ரே கதிரால் படம் எடுக்கும் சி.டி. ஸ்கான் எடுக்க நிபுணர் முடிவு செய்தார். நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு 0.1 மில்லிசீவேட்டளவு அல்லது அதற்கும் குறைவு, முதுகெலும்பு சி.டி.யில் அது பல மில்லிசீவேட். எதற்காக அதை ஏற்கச் சொல்கிறோம் என்பதையும் அவருக்கு விளங்கப்படுத்தி, சம்மதம் கேட்ட பிறகே மேசையில் படுக்க வைத்தோம்.