அப்பா வேலை பார்த்த மிக் எது?

வணக்கம் சார்,

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடைகொடுத்ததை அப்பாவோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். அப்பா விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டர். 80களின் கடைசியில் தேஜ்பூரில், புது பைலட்டுகளுக்கு மிக் ஓட்டப் பயிற்சி கொடுத்த யூனிட்டில் இருந்தார். அவரோடு சேர்ந்து, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி ஒரு மிக்-21 மாடல் செய்ய ஆசை. இதுவரை நான் மாடல் செய்ததில்லை. கடையில் 1/72 அளவில் ஒன்றும், 1/48 அளவில் எடுவார்ட் கம்பெனியின் மிக்-21எம்எஃப் ஒன்றும் காட்டினார்கள். இரண்டாவது விலை அதிகம். மிக்-21 எல்லாம் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் எடுங்கள் என்றார் கடைக்காரர். எதை வாங்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

இரண்டையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் அப்பாவிடம், நீங்கள் கை வைத்து வேலை பார்த்தது எந்த மிக் என்று கேளுங்கள். தேஜ்பூர் பயிற்சி யூனிட் என்றால் பெரும்பாலும் மிக்-21எஃப்எல் என்ற ரகத்தைத்தான் சொல்வார், இல்லாவிட்டால் விமானப்படை வழக்கப்படி டைப் 77 என்பார். 71 போரில் பறந்ததும் அதே ரகம்தான். அந்த எஃப்எல் 2013 டிசம்பரிலேயே கலைகுண்டாவில் ஓய்வு பெற்றுவிட்டது. சண்டிகரில் நீங்கள் பார்த்த பைசன், மிக்-21பிஸ் ரகத்தை நவீனப்படுத்தியது. மூக்கும் முக்கோண இறக்கையும் ஒரே சாயல் என்பதால் கடைக்காரருக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது, ஆனால் வருஷக்கணக்கில் அதன் வயிற்றுக்கடியில் நின்றவருக்கு அப்படித் தெரியாது.

எம்எஃப் பெட்டியைப் பிரித்தால் அவர் முதலில் கவனிக்கப்போவது இறக்கைக்கு அடியில் ஆயுதம் மாட்டும் பைலான்களைத்தான். எம்எஃப்பில் பக்கத்துக்கு இரண்டு, எஃப்எல்லில் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. எம்எஃப்பில் வயிற்றோடு ஒட்டி இரட்டைக் குழல் பீரங்கி இருக்கும், எஃப்எல்லுக்கு உள்ளே துப்பாக்கியே கிடையாது, தேவைப்பட்டால் தனியாக ஒரு துப்பாக்கிக் கூட்டை வயிற்றில் மாட்டுவார்கள். அப்புறம் காக்பிட் கண்ணாடி. எஃப்எல்லில் முன்கண்ணாடியும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் தூக்கும், எம்எஃப்பில் முன்கண்ணாடி அசையாது, மேல்மூடி மட்டும் வலப்பக்கம் சாயும். முதுகும் எம்எஃப்புக்குத் தடிமன். இதையெல்லாம் ரம்பமும் இடுக்கை நிரப்பும் பசையும் வைத்து மாற்றலாம்தான், முதல் மாடலில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

எஃப்எல் என்றே அச்சிட்ட பெட்டி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மிக்-21பிஎஃப் தேடுங்கள். எஃப்எல் அதன் ஏற்றுமதி வடிவம், எடுவார்ட் 1/48இல் பிஎஃப் போட்டிருக்கிறது. வால் துடுப்பு அகலமாக, அதன் அடியில் பாராசூட் வைக்கும் உருளையோடு இருக்கிறதா என்று மட்டும் பாகங்களின் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் நெருக்கமாக இருக்கிறதே என்று பிஎஃப்எம் வாங்கிவிட வேண்டாம், அதில் கண்ணாடி பக்கவாட்டில் திறக்கும்.

அளவைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை, 1/48தான். புதிதாகச் செய்பவர்களுக்குச் சின்னது எளிது என்று சொல்வார்கள், மிக் விஷயத்தில் அது சரியில்லை. நிஜ விமானத்தின் இறக்கை அகலமே 7.15 மீட்டர்தான், 1/72இல் அது 10 சென்டிமீட்டர்கூட வராது. அந்த அளவில் சக்கரக் கதவையும் ஏவுகணைத் துடுப்பையும் இடுக்கியில் பிடித்து ஒட்டுவது வயதானவர் கண்ணுக்கும் விரலுக்கும் பெரிய சிரமம். 1/48இல் இறக்கை சுமார் 15 செ.மீ., உடல் ஏறத்தாழ 30 செ.மீ., புத்தக அலமாரியில் தாராளமாக நிற்கும். இதுவே சுகோய்-30 என்றால் 1/48இல் நீளம் 45 செ.மீ.யைத் தாண்டும், அப்போது நானே 1/72 என்றுதான் சொல்லியிருப்பேன்.

கடையில் பார்த்த 1/72 எந்தக் கம்பெனி என்று நீங்கள் எழுதவில்லை. பெட்டியின் ஓவியத்தைப் பார்த்து எதையும் எடைபோடாதீர்கள், பல வருஷத்துக்கு முந்தைய அச்சில் வார்த்த பாகங்களைப் புதுப் பெட்டியில் போட்டு விற்பது இந்தத் தொழிலில் சகஜம். உடலின் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேலே புடைத்திருந்தால் அநேகமாகப் பழைய அச்சு. மாடல் பெட்டிகளைப் பட்டியலிடும் ஸ்கேல்மேட்ஸ் இணையதளத்தில் பெட்டி எண்ணைப் போட்டால் அச்சின் வரலாறு வந்துவிடும். எடுவார்டில் புரோஃபிபேக் பெட்டியில் பெயிண்ட் படக்கூடாத இடத்தை மறைக்கும் மாஸ்க் ஸ்டிக்கரும் உலோகத் தகட்டில் அரித்தெடுத்த நுண்பாகங்களும் வரும், வீக்எண்ட் பெட்டியில் இவை இருக்காது, விலையும் குறைவு. உங்களுக்கு வீக்எண்ட் போதும். கண்ணாடிக்கு மட்டும் மாஸ்க் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாடியை ஒட்டச் சூப்பர் க்ளூ பக்கமே போகாதீர்கள், அதன் ஆவி பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

நிறத்துக்கு அப்பாவிடம் பழைய போட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். பெயிண்ட் அடிக்காத வெறும் அலுமினிய விமானம்தான் அவர் நினைவில் இருக்கிறது என்றால், தேய்ப்பு வேலைக்குக் கூடுதல் நாள் ஒதுக்க வேண்டும், வெள்ளி நிறம் ஒரு கீறலைக்கூட மறைக்காது. எண்ணையும் சின்னங்களையும் ஒட்டும் டீகாலையும் விமானத்தின் எண் தெரிந்த பிறகே வாங்குங்கள், பெட்டியில் இந்திய விமானப்படையின் வட்டச் சின்னம் இல்லாவிட்டால் தனித் தாளாகக் கிடைக்கும்.

இன்னொன்று. மிக்-21இல் எஞ்சினை வெளியே எடுக்க உடலின் பின்பாதியையே கழற்றிப் பின்னால் இழுப்பார்கள். கோராபுட்டில் தயாரான அந்த ஆர்-11 எஞ்சினை உங்கள் அப்பா எத்தனையோ முறை அப்படிப் பார்த்திருப்பார். மாடலில் அந்த இணைப்பு, இறக்கையின் பின்பகுதி அருகே உடலைச் சுற்றி ஓடும் ஒரு மெல்லிய பள்ளக் கோடாக வரும். மாடலின் உடல் இடம், வலம் என்று இரண்டு பாதிகள். அவற்றை ஒட்டி மேலும் கீழும் உப்புக்காகிதம் போடும்போது புதியவர்கள் அந்தக் கோட்டையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். தேய்க்கும் முன் கோட்டின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டுங்கள், பிறகு மழுங்கிய இடத்தை ஊசியால் கீறி ஆழப்படுத்துங்கள். அந்த ஊசி வேலையை அப்பாவிடமே கொடுத்துவிடலாம்.