பயறு ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்

கேள்வி: எங்கள் வீடு பினாங்கு ஜெலுத்தோங்கில். என் தாயாருக்கு வயது 68. குடல் எரிச்சல் நோய் என்று சொல்லி மருத்துவர் வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ஆறு வாரம் கழித்து ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம் என்றார். போன வாரம் சிவப்பு அவரையை இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரோடே ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் ஒரு கிண்ணம் சாப்பிட்டார். இரண்டு மணி நேரத்தில் கடுமையான வாந்தி. அம்மாவுக்குப் பயறே ஆகாதா? நாங்கள் சைவம். பயற்றை விட்டால் வேறு எதைக் கொடுப்பது?

பதில்: வாந்தி எப்போது வந்தது என்பதுதான் இதில் முக்கியம். பயறு ஒத்துக்கொள்ளாத குடல் உடனே கலவரம் செய்யாது. பயற்றின் சர்க்கரைகள் செரிக்காமல் பெருங்குடலை அடைந்த பிறகே நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைக்கும். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். வருவதும் உப்புசம், வாயு, வயிற்றுப் பிடிப்பு, சிலருக்கு பேதி. இரண்டு மணி நேரத்தில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வாந்தி வந்தது என்கிறீர்கள். நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது என்றாலும், என் சந்தேகம் உங்கள் தாயாரின் குடல்மேல் இல்லை, ஸ்லோ குக்கர்மேல்தான்.

சிவப்பு அவரையை ராஜ்மா என்போம். நம் ஊர்ச் செண்டோல் இனிப்பில் பச்சை இழைகளுக்கு நடுவே கிடப்பதும் அதுதான். ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் மற்றப் பயறுகளைவிட அதில் மிக அதிகம். பச்சையாக நான்கைந்து அவரை உள்ளே போனாலே போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கியும்விடும். கொதிக்கும் நீரில் இந்த நச்சு அழிகிறது. ஆனால் 80 டிகிரி அளவில் அரைகுறையாகச் சூடான அவரை, பச்சை அவரையைவிட ஐந்து மடங்கு வரை நச்சுத்தன்மை கொண்டதாகலாம். ஸ்லோ குக்கரின் உள்ளே பல நேரம் 75 டிகிரிகூட ஏறுவதில்லை. எட்டு மணி நேரத்தில் அவரை மெத்தென்று ஆகிவிடும், விரலால் அழுத்தினால் நசுங்கும். வெந்துவிட்டது என்று கண்ணும் கையும் சொல்லும். நச்சு மட்டும் உள்ளேயே இருக்கும்.

ஆகவே சிவப்பு அவரைக்கு வழி ஒன்றுதான். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் கணக்கு இது. அதன் பிறகு பிரஷர் குக்கரில் குழைய வைப்பதும் குழம்பில் சேர்ப்பதும் உங்கள் விருப்பம். பழைய சரக்காக இருந்தால் எவ்வளவு கொதித்தாலும் நடுவில் கல் மாதிரி நிற்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு அப்படித்தான் ஆகும். புளியையும் தக்காளியையும் பயறு வெந்த பிறகே சேருங்கள். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் தோல் இளகாது.

நச்சின் கதை இவ்வளவுதான். வாயு வேறு கதை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் பயற்றையே துறந்துவிடுகிறார்கள்.

ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் இவை பெரிதாகக் குறையாது. ஆனால் தண்ணீரில் கரையும். ஊறும்போது கொஞ்சம், வேகும்போது கொஞ்சம் என்று பயற்றை விட்டு நீருக்குப் போய்விடும். அந்த நீரைக் கொட்டினால் சர்க்கரையும் போகும். ஊறிய தண்ணீரிலேயே வேகவைத்து, வெந்த தண்ணீரையும் குழம்பில் ஊற்றினால் ஒன்றும் போகாது, எல்லாம் வயிற்றுக்குத்தான். ‘சத்து போய்விடுமே’ என்று என்னிடம் சண்டைக்கு வரும் பாட்டிமார் உண்டு. கொஞ்சம் போகும்தான். புரதத்தில் பெரும்பகுதி பயற்றிலேயே தங்கிவிடும்.

இதில் நம் வீட்டு வழக்கம் ஒன்று தலைகீழாக நிற்கிறது. உடம்பு சரியில்லாதவருக்கு பருப்பை ஒதுக்கிவிட்டு, மேலே தெளிந்த பருப்புத் தண்ணீரை மட்டும் இறுத்து ரசம் வைத்துக் கொடுப்போம். காய்ச்சல்காரருக்கு நல்லதுதான். உங்கள் தாயாரைப் போன்றவருக்கோ அந்தத் தெளிவில்தான் சிக்கலே கரைந்திருக்கிறது. தண்ணீரை வடித்துவிட்டுப் பருப்பை இரண்டு கரண்டி கொடுப்பதே அவருக்கு இலகு.

டின்னில் அடைத்த கொண்டைக்கடலையை ஏளனமாகப் பார்க்காதீர்கள். அது நாள்கணக்கில் நீரிலேயே கிடப்பதால் சர்க்கரை நிறைய வெளியே வந்திருக்கும். கொழகொழ நீரை முழுக்க வடித்து, சல்லடையில் போட்டுக் குழாயடியில் அலசினால், வீட்டில் வேகவைத்த கடலையைவிட அது வயிற்றுக்குச் சாதுவானது. உங்கள் மருத்துவர் சொன்ன உணவுமுறைக்கு ஃபோட்மேப் (குடலில் புளிக்கும் சர்க்கரைகள்) குறைந்த உணவு என்று பெயர். மெல்பர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. டின் கொண்டைக்கடலையில் கால் கப் வரை பெரும்பாலோர் தாங்குவார்கள் என்பது அவர்கள் கணக்கு. சோயாவில் செய்யும் கெட்டித் தௌஃபுவும் (டோஃபு), சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயும் இதைவிடப் பாதுகாப்பானவை. தௌஃபுவை அழுத்தும்போது சர்க்கரை நீரோடு வடிந்துவிடுகிறது, தெம்பேயில் பூஞ்சை அதைத் தின்றுவிடுகிறது. சைவக் குடும்பம் பயற்றை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை.

அடுத்து நம் வெயில். குளிர்நாட்டுக் குறிப்புகளில் ‘இரவு முழுவதும் மேசையில் ஊறட்டும்’ என்று எழுதியிருப்பார்கள். 30 டிகிரியில் ஜெலுத்தோங் சமையலறையில் அப்படி வைத்தால், காலையில் பாத்திரத்தில் நுரை கட்டி, தண்ணீரில் லேசாகப் புளித்த வாடை அடிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஊறவையுங்கள், படுக்கப் போகுமுன் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். வெந்த பயற்றையும் அடுப்பு மேடையில் விட்டுவைக்காதீர்கள். சில நுண்ணுயிர்களின் வித்து கொதிநீரிலும் சாகாது, சட்டி ஆறும்போது முளைத்துவிடும். அது உண்டாக்கும் நஞ்சை மறுபடி சூடுபண்ணி விரட்ட முடியாது. இரண்டு மணி நேரத்துக்குள் சிறு பாத்திரங்களில் பிரித்து உள்ளே வைத்துவிடுங்கள். தவ்கே (பயறு முளை) கொடுப்பதானால் வதக்கியே கொடுங்கள்.

தாளிப்பையும் கவனியுங்கள். பயற்றைப் பக்குவமாக வேகவைத்துவிட்டு, பத்துச் சின்ன வெங்காயமும் ஆறு பல் பூண்டும் போட்டுத் தாளித்தால், அன்றிரவு வரும் உப்புசத்துக்குப் பயறு பழி சுமக்கும். பூண்டை முழுப் பல்லாக எண்ணெயில் பொரித்து எடுத்து எறிந்துவிடுங்கள். மணம் எண்ணெயில் தங்கும், தொந்தரவு தரும் சர்க்கரை எண்ணெயில் கரையாது. தூள் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம், டப்பாவைப் படித்து வாங்குங்கள்.

இனி அம்மாவுக்கு எப்படித் தொடங்குவது? சிவப்பு அவரையைச் சில மாதங்கள் மறந்துவிடுங்கள். மைசூர்ப் பருப்பையோ தோல் நீக்கிய பாசிப்பருப்பையோ ஊறவைத்து, வேகவைத்து, வடித்து, இரண்டு மேசைக்கரண்டி மட்டும் மதியத்தில் கொடுங்கள். இரவில் வேண்டாம். அன்று வேறு புது உணவு எதுவும் சேர்க்காதீர்கள். இரண்டு நாள் வயிறு அமைதியாக இருந்தால் கால் கப்புக்குப் போகலாம். குடலில் சுருக்கம், அண்மையில் அறுவை சிகிச்சை, மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் பயற்றைத் தொடவே வேண்டாம்.

அன்று மிஞ்சிய அவரை இன்னும் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தால், மறுபடி கொதிக்கவைத்துப் பார்க்க நினைக்காமல் குப்பையில் கொட்டிவிடுங்கள்.