டிஸ்கோ இசைக்கு வழி போட்டும் பேர் கிடைக்காமல் போன சோல் இசை (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு வகை) தயாரிப்பாளர் என்று யாரைச் சொல்வீர்கள்?

ஃப்ராங்க் வில்சன். இதற்கு நான் யோசிக்கவே தேவையில்லை.

டிஸ்கோ எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலரும் ஃபிலடெல்ஃபியாவைத்தான் கைகாட்டுவார்கள். கேம்பிள், ஹஃப் இருவரும் நடத்திய நிறுவனம், அங்கே டிரம்ஸ் வாசித்த எர்ல் யங், பாட்டுகளை நீட்டி மிக்ஸ் செய்த டாம் மௌல்டன் என்று பட்டியல் போகும். அவர்களுடைய பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எர்ல் யங்கின் டிஸ்கோ தாளத்துக்குத் தொடக்கம் என்று எல்லோரும் சொல்லும் ஹெரால்ட் மெல்வின் குழுவின் ‘த லவ் ஐ லாஸ்ட்’ 1973-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே மோட்டவுன் என்ற ரெக்கார்ட் நிறுவனத்திலிருந்து, டெம்ப்டேஷன்ஸ் குழுவின் முன்னாள் பாடகர் எட்டி கெண்ட்ரிக்ஸ் பாடிய ‘கேர்ள் யூ நீட் எ சேஞ்ச் ஆஃப் மைண்ட்’ வந்துவிட்டது. ஏழு நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு. தயாரித்தவர்கள் ஃப்ராங்க் வில்சனும் லெனார்ட் காஸ்டனும். பாட்டை எழுதியது காஸ்டனும் அனிதா பொரேயும்.

தயாரிப்பாளர் என்றதும் பணம் போடுகிறவரை நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க ரெக்கார்ட் உலகில் அவர் வேலை வேறு. எந்தப் பாட்டு, எந்த ஸ்ருதி, யார் வாசிப்பது, எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்பதையெல்லாம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து முடிவு செய்கிறவர் அவர்தான். இந்தப் பாட்டில் முக்கியமே அந்த முடிவுகள்தான்.

பாட்டின் நடுவில் இசை மொத்தமும் வடிந்துவிடும். முடிந்தது என்றே தோன்றும். பிறகு தாளம் மட்டும் மெல்லத் தலைகாட்டும். அதன்மேல் ஒவ்வொரு வாத்தியமாக வந்து சேரும். கெண்ட்ரிக்ஸ் தன் மெல்லிய உச்சக் குரலில் பாட்டு வரிகளை விட்டுவிட்டுத் தாளத்தோடு பேச ஆரம்பிப்பார். மறுபடி எல்லாம் சேர்ந்து முழு வேகத்தில் கிளம்பும்போது, ஆடுகிறவர்களை யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது மாதிரி இருக்கும். ‘பிரேக்டவுன்’ என்று டிஜேக்கள் சொல்வது இதைத்தான். பின்னாளில் டிஸ்கோவிலும், அதற்குப் பிறகு ஹவுஸ் இசையிலும், இன்று வரும் கிளப் பாட்டுகளிலும் இது இல்லாமல் வேலை நடக்காது. 1972-ல் ஒரு சோல் பாட்டில் இதை இவ்வளவு நீளமாக, இவ்வளவு பொறுமையாக யாரும் செய்து நான் கேட்டதில்லை.

வில்சன் இதை நடன அரங்குக்காகக் கண்டுபிடித்தார் என்று சொல்ல மாட்டேன். 1940-ல் டெக்சாஸின் ஹூஸ்டனில் பிறந்து, தேவாலயப் பாட்டோடு வளர்ந்தவர் அவர். கறுப்பினத்தவரின் தேவாலயங்களில் காஸ்பல் என்னும் பக்திப் பாட்டு முடியும் இடத்தில்தான் பல சமயம் உண்மையில் சூடு பிடிக்கும். வாத்தியங்கள் அடங்கும், கைதட்டலும் டாம்பரினும் மட்டும் இருக்கும். பாடுகிறவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வார், கூட்டம் பதில் சொல்லும், அப்புறம் எல்லாம் மறுபடி ஏறும். சபை எழுந்து ஆடும்வரை விடமாட்டார்கள். வில்சன் அதை அப்படியே ஒரு காதல் பாட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். தேவாலயத்திலிருந்து வந்தவருக்கு அதில் அதிசயம் எதுவும் இல்லை. நியூயார்க்கில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது வேறு மாதிரி கேட்டது.

நியூயார்க்கில் அந்த நேரத்தில் டேவிட் மான்குசோ 647 பிராட்வேயில் இருந்த தன் வீட்டிலேயே விருந்து நடத்திக்கொண்டிருந்தார். ‘த லாஃப்ட்’ என்று பெயர். 1970 பிப்ரவரியில் தொடங்கியது. அழைப்பு இருந்தால்தான் உள்ளே போகலாம், மது விற்பனை கிடையாது. வந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கர்களும், அதிலும் வேறு இடங்களில் நிம்மதியாக ஆட முடியாத தன்பாலீர்ப்பாளர்களும். மான்குசோவுக்குப் பாட்டை முழுதாக ஓடவிட்டு, இரவை ஒரு பயணம் போலக் கொண்டுபோகப் பிடிக்கும். அப்படிப்பட்டவர் கையில் ஏறி இறங்கி ஏறும் ஏழு நிமிடப் பாட்டு கிடைத்தால் என்ன ஆகும்? லாஃப்டின் அடையாளப் பாட்டுகளில் ஒன்றாக அது நிலைத்துவிட்டது. நிக்கி சியானோவின் ‘கேலரி’ கிளப்பிலும் அதற்கு அதே மரியாதை.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அன்று சிங்கிள் என்றால் ஏழு அங்குலத் தட்டு. ரேடியோ கேட்டது மூன்று நிமிடப் பாட்டு. நீளமான பாட்டைப் பாதியாக வெட்டி ஒரு பக்கம் ‘பாகம் 1’, மறுபக்கம் ‘பாகம் 2’ என்று போடுவார்கள். இந்தப் பாட்டுக்கும் அதுதான் நடந்தது, ரேடியோவில் அது பெரிதாக எடுபடவும் இல்லை. டிஜேக்களுக்காகவே வந்த பன்னிரண்டு அங்குல சிங்கிள் 1976-ல்தான் கடைக்கு விற்பனைக்கு வந்தது. அதுவரை நீளமான பாட்டு வேண்டுமென்றால் எல்பியைத்தான், அதாவது முழு ஆல்பத் தட்டைத்தான், வாங்க வேண்டும். 1972-ல் வந்த ‘பீப்பிள்... ஹோல்ட் ஆன்’ எல்பி டிஜேக்களின் பெட்டியில் இடம் பிடித்தது இப்படித்தான். அதே தட்டில் இருக்கும் ‘டேட் வித் த ரெய்ன்’ மூன்று நிமிடம்கூட இல்லை, ஆனால் அதையும் கிளப்களில் விடாமல் போட்டார்கள்.

அந்த எல்பியில் வாசித்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேடையில் கெண்ட்ரிக்ஸுக்கு வாசித்த ‘யங் செனட்டர்ஸ்’ என்ற வாஷிங்டன் நகரக் குழுவை ஸ்டுடியோவுக்கும் அழைத்து வந்தார்கள். வழக்கமான ஸ்டுடியோ கலைஞர்களை வைத்தே பாட்டு எடுத்துப் பழகிய மோட்டவுனில் இது சின்ன விஷயம் இல்லை. இரவெல்லாம் கூட்டத்தை ஆடவைத்துப் பழகிய கைகள் அவர்களுடையவை. ஏழு நிமிடத்துக்குத் தாளம் ஒரு இடத்திலும் பதறாமல் போவதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

(பாட்டின் வரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. போராட்டத்துக்குப் போகும் பெண்ணைப் பார்த்து, மனசை மாற்றிக்கொண்டு என்னிடம் வா என்று ஆண் கேட்கிறான். இன்றைக்குக் கேட்டால் அந்தப் பகுதி எனக்கு ஒப்பவில்லை. இசை அதைவிட ரொம்பப் பெரியது.)

அடுத்த ஆண்டு வில்சன், காஸ்டன், பொரே மூவரும் சேர்ந்து எழுதிய ‘கீப் ஆன் டிரக்கின்’ வந்தது. தயாரிப்பு மறுபடி வில்சனும் காஸ்டனும். எல்பியில் எட்டு நிமிடம் போல ஓடும். கிளாவினெட் என்ற மின் கீபோர்டின் குதிப்பும் நடுவில் வரும் வைப்ரஃபோனும் அதன் அழகு. 1973 நவம்பரில் அமெரிக்கப் பாப் பட்டியலில் இரண்டு வாரம் முதலிடம். கெண்ட்ரிக்ஸ் டெம்ப்டேஷன்ஸ் குழுவை விட்டுப் போனபோது அவர் கதை முடிந்தது என்று பேசியவர்கள் உண்டு. இந்தப் பாட்டில் அவர் பழைய குழுவின் பெயரையே ஒரு வரியில் வைத்துச் சீண்டியிருப்பார். 1974-ல் ‘பூகி டவுன்’ இரண்டாம் இடம்வரை போனது. ‘ராக் த போட்’, ‘ராக் யுவர் பேபி’ இரண்டும் பட்டியலின் உச்சிக்குப் போய், டிஸ்கோ என்று ஊரெல்லாம் பேச ஆரம்பித்தது அந்த ஆண்டின் நடுப்பகுதியில்தான். அதற்குள் வில்சன் இந்த மூன்று பாட்டுகளையும் முடித்துவிட்டார்.

அப்படியிருந்தும் ஏன் பேர் இல்லை? எனக்குத் தோன்றுவது, அவர் எப்போதும் இன்னொருவரின் நிழலிலேயே வேலை செய்தார். மோட்டவுன் தயாரிப்பாளர்கள் என்றால் ஹாலண்ட்–டோசியர்–ஹாலண்ட் என்ற மூவர் கூட்டணி, அவர்கள் போன பிறகு நார்மன் விட்ஃபீல்ட். முன்னணிப் பாடகி டயானா ராஸ் விலகிய பின் சுப்ரீம்ஸ் என்ற பெண்கள் குழுவை ‘அப் த லேடர் டு த ரூஃப்’, ‘ஸ்டோண்ட் லவ்’ என்று 1970-ல் தூக்கி நிறுத்தியவர் வில்சன்தான். ராஸ் இல்லாத சுப்ரீம்ஸை யாரும் கண்டுகொள்வதில்லை, அதனால் அவரையும் கண்டுகொள்ளவில்லை. ‘ஸ்டோண்ட் லவ்’ மெதுவாகத் தொடங்கிச் சட்டென்று நான்கு அடித் தாளத்தில் இறங்கும் இடத்தைக் கேட்டுப்பாருங்கள், இரண்டு வருடம் கழித்து வரப்போவது அங்கேயே தெரியும். அதை வில்சனோடு சேர்ந்து எழுதியவர் கென்னி தாமஸ் என்ற டெட்ராய்ட் இளைஞர். உள்ளூர் ரேடியோவில் அவர் பாட்டைக் கேட்டு வில்சனே தேடிப் பிடித்தார்.

இன்னொரு காரணம், அவர் பேர் வெளியே தெரிவதே வேறு ஒரு விஷயத்துக்காக. 1965-ல் அவரே பாடிய ‘டூ ஐ லவ் யூ (இண்டீட் ஐ டூ)’ என்ற சிங்கிள் வெளிவராமலே நின்றுபோனது. பாடகரா, தயாரிப்பாளரா என்ற கேள்வி வந்தபோது அவர் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்தார். மிஞ்சிய சில பிரதிகள் அரிய பழைய சோல் தட்டுகளைத் தேடிப் போட்டு ஆடும் இங்கிலாந்தின் நார்தர்ன் சோல் ரசிகர்களுக்குப் புதையல் ஆகிவிட்டன. 2009-ல் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்கு ஏலம் போனது. நல்ல பாட்டுதான். ஆனால் ஒரு மனிதரின் வாழ்நாள் வேலையை அந்த ஏலத்தொகை மூடிமறைத்துவிட்டது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

டிஸ்கோ பெரும் வியாபாரமாகிக்கொண்டிருந்த 1976-ல் அவர் மோட்டவுனை விட்டார். அப்புறமும் சில தட்டுகள் தயாரித்தார், ஆனால் மனம் கடவுள் பக்கம் திரும்பிவிட்டது. மத ஊழியராகி, மனைவியோடு சேர்ந்து குடும்ப வாழ்க்கையைப் பற்றிப் பேசியும் எழுதியும் வந்தார். தன் பங்கைச் சொல்லிக்கொள்ள அவர் அங்கே இல்லை. 2012 செப்டம்பரில் காலமானார்.

கேட்கப்போகிறீர்கள் என்றால் சிங்கிள் வேண்டாம், எல்பியில் இருக்கும் முழுப் பாட்டையே கேளுங்கள். முதலில் ‘ஸ்டோண்ட் லவ்’, பிறகு ‘கேர்ள் யூ நீட் எ சேஞ்ச் ஆஃப் மைண்ட்’, கடைசியில் ‘கீப் ஆன் டிரக்கின்’. அதோடு 1975-க்குப் பின் வந்த உங்களுக்குப் பிடித்த டிஸ்கோ பாட்டு ஏதாவது ஒன்றைப் போடுங்கள். நடுவில் வாத்தியங்கள் அடங்கி மறுபடி ஏறும் இடம் அதில் எங்கே வருகிறது என்று கருத்துப் பகுதியில் சொல்லுங்கள், பேசலாம்.