வசனம் மறந்துபோனால் நிறுத்தலாமா? ஆடிஷன் கேள்வி-பதில்

ஆடிஷனில் (நடிகர் தேர்வில்) 'உங்களுக்குத் தெரிஞ்சதைப் பண்ணிக் காட்டுங்க' என்றால் என்ன செய்வது? பிரபலமான பட வசனம் ஒன்றைப் பழகி வைத்திருக்கிறேன். (வாசகர், திண்டுக்கல்)

அதை விட்டுவிடுங்கள். ஊரே மனப்பாடம் செய்த வசனத்தை நீங்கள் பேசினால், பார்க்கிறவர் மனதில் அதை முதலில் பேசிய நடிகர்தான் வந்து நிற்பார். தனியாளாகக் கதறி அழுது நடிக்கும் மோனோ ஆக்டிங்கும் வேண்டாம். உங்களுக்கு முன்னால் வரிசையாகப் பலர் அழுதுவிட்டுப் போயிருப்பார்கள்.

ஒன்றரை நிமிடத்துக்குள் முடிகிற சாதாரணப் பேச்சு போதும். வீட்டு ஓனரிடம் வாடகைக்குப் பத்து நாள் தவணை கேட்கிறீர்கள், அவர் மசியவில்லை. இதை உங்கள் ஊர்ப் பேச்சிலேயே நீங்களே எழுதுங்கள். கேட்க ஒரு காரணமும் மறுக்க ஒரு ஆளும் இருந்தால் காட்சி தானாக நகரும்.

முடித்ததும், 'இதையே கோபப்படாம, சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க' என்பார்கள். முதலில் செய்தது பிடிக்கவில்லை என்று முகம் வாடிவிடாதீர்கள். சொல்வதைக் காதில் வாங்கி உடனே மாற்ற வருகிறதா என்று பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் ஆடிஷனே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கண்ணாடி முன் நின்று ஒரே மாதிரி உருப்போட்டவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள். அதனால் வீட்டிலேயே ஒரே வசனத்தைக் கெஞ்சி, கிண்டலாக, பயந்து, அலட்சியமாகப் பேசிப் பழகுங்கள்.

நாமே நடித்துப் படம்பிடித்து அனுப்பும் செல்ஃப் டேப் கேட்கிறார்கள். என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. (வாசகி, திருச்சி)

போன் போதும். படுக்கைவாட்டில், கண் மட்டத்தில் வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். ஃபேனை நிறுத்துங்கள். எதிர் வசனம் பேச ஒருவரைப் போனுக்கு ஒட்டினாற்போல் நிற்க வைத்து அவரைப் பார்த்துப் பேசுங்கள். லென்ஸைப் பார்ப்பது அறிமுகத்துக்கு மட்டும். அதில் பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகளைச் சொல்லி, இரு பக்கமும் திரும்பிக் காட்டுங்கள். பியூட்டி ஃபில்டரும் பின்னணி இசையும் கூடவே கூடாது. டிரைவ் லிங்க் அனுப்பினால் யார் வேண்டுமானாலும் திறக்கும்படி வையுங்கள். அனுமதி கேட்டுக் காத்திருக்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

வசனம் பாதியில் மறந்துவிட்டால்? (வாசகர், சேலம்)

நிறுத்தாதீர்கள். விஷயம் தெரியுமல்லவா, சொந்தச் சொல்லில் சொல்லிக்கொண்டே போங்கள். 'சாரி சார்' என்று நாக்கைக் கடிப்பதுதான் கெடுக்கும். அடியோடு வழுக்கிவிட்டால் 'இன்னொரு தடவை போகலாமா?' என்று ஒரே ஒரு முறை கேட்கலாம்.

போலீஸ் வேடத்துக்கு யூனிஃபார்ம் வாடகைக்கு எடுக்கவா? (வாசகர், ஆவடி)

வேண்டாம். படமோ எழுத்தோ இல்லாத ஒற்றை நிறச் சட்டை, ஒழுங்காக வெட்டிய முடி. மிடுக்கை நிற்பதில் காட்டுங்கள்.

பயிற்சி பெற்றிருந்தால்தான் கூப்பிடுவார்களா? (வாசகி, விருதுநகர்)

இல்லை. ஆனால் நாடக மேடை கை கொடுக்கும். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று எத்தனை பேர் வந்தார்கள்! உங்கள் ஊரில் நாடகக் குழு இருந்தால் முதலில் அங்கே போய் நில்லுங்கள்.

தேர்வாகிவிட்டேன், ஆர்ட்டிஸ்ட் கார்டுக்கு 15,000 ரூபாய் கட்டு என்கிறார்கள். (வாசகர், வேலூர்)

ஒரு பைசா கொடுக்காதீர்கள். நடிக்கக் கூப்பிடுகிறவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும். படக் கம்பெனியின் பெயரைக் கேட்டு, அவர்கள் அலுவலகத்துக்கு நீங்களே போன் போட்டு விசாரியுங்கள். ராத்திரியில் லாட்ஜ் அறைக்கு ஆடிஷன் என்று அழைத்தால் போகவே வேண்டாம்.

என் எட்டு வயது மகனை விளம்பர ஆடிஷனுக்கு அழைத்துப் போகிறேன். (வாசகி, கோவை)

வசனத்தை நீங்கள் உருப்போட வைக்காதீர்கள், உங்கள் ஏற்ற இறக்கம் அப்படியே அவனிடம் ஒட்டிக்கொள்ளும். கதையை மட்டும் சொல்லுங்கள். தேர்வானால் 2017-இன் குழந்தைத் தொழிலாளர் விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன: ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் அவன் பெயரில் வங்கி வைப்புநிதியாகப் போக வேண்டும். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியைத் தயாரிப்பாளர்தான் வாங்க வேண்டும். வாங்கியாயிற்றா என்று மேனேஜரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.