கன்னிங் என்றால் பாராட்டா?

கேள்வி: எங்கள் சொசைட்டி மீட்டிங்கில் பார்க்கிங் விஷயமாக ஒரு யோசனை சொன்னேன். உடனே செயலாளர் (நம்மவர்தான், திருநெல்வேலிப் பக்கம்) எல்லார் முன்னாலும், "நீங்க ரொம்ப கன்னிங் சார்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் லிஃப்டில் பிடித்துக் கேட்டால், "அதுக்கு மூல அர்த்தம் அறிவுதான் சார், உங்களைப் பாராட்டினேன்" என்கிறார். உண்மையா?
- வாசகர், செம்பூர், மும்பை

பதில்: மூல அர்த்தம் பற்றி அவர் சொன்னது உண்மை. பாராட்டினேன் என்றது பொய். இன்றைக்குக் கன்னிங் என்றால் தந்திரக்காரர், கள்ளத்தனம் உள்ளவர்.

பழைய ஆங்கிலத்தில் 'குன்னன்' என்றால் அறிதல். 'முடியும்' என்பதற்கு இன்று சொல்கிறோமே 'கேன்', அதுவும் அதே வேரில் வந்ததுதான். தெரிந்தவனால்தானே முடியும்! ஆகவே கன்னிங் என்றால் நெடுங்காலம் அறிவு, கைத்திறன். 1611இல் வெளியான ஆங்கில பைபிளில் 137ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். எருசலேமே, உன்னை மறந்தால் என் வலது கை தன் 'கன்னிங்'கை மறக்கட்டும் என்று வருகிறது. தமிழ் வேதாகமத்தில் அதே இடத்தில் இருக்கும் சொல் 'தொழில்'. அதில் எங்கே இருக்கிறது கள்ளத்தனம்?

அப்புறம் எப்படிக் கெட்டது? நமக்குத் தெரியாதது அடுத்தவனுக்குத் தெரிந்தால் வயிற்றில் ஒரு கலக்கம் வருமே, அதுதான் காரணம் என்பேன். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கிராமங்களில் மந்திரித்து நோய் தீர்க்கிறவரையும், தொலைந்த பொருளுக்குக் குறி சொல்கிறவரையும் 'கன்னிங் மேன்' என்பார்கள். அவரிடம் போகாமலும் முடியாது, போனால் பயப்படாமலும் முடியாது. அந்த பைபிள் வந்த காலத்திலேயே ஆங்கிலக் கட்டுரையாளர் பிரான்சிஸ் பேக்கன் இந்தச் சொல்லுக்கென்றே ஒரு கட்டுரை எழுதி, இது கோணல் அறிவு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நம் 'சூழ்ச்சி'யும் இப்படிச் சறுக்கி விழுந்ததுதான். 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்ற 671ஆம் குறளில் அதற்குக் கலந்து ஆராய்தல் என்றே பொருள். அடுத்த மீட்டிங்கில் செயலாளரை 'சூழ்ச்சிக்காரரே, வாருங்கள்' என்று அழைத்துப் பாருங்கள். உரையாசிரியர்களைத் தேடிப் போகிறாரா, வக்கீலைத் தேடிப் போகிறாரா என்று தெரிந்துவிடும். மும்பைக்காரருக்கு வள்ளுவர்கூட வேண்டாம். இந்தியில் ஃபேன் 'சாலு' என்றால் ஓடுகிறது. ஆள் 'சாலு' என்றால் தந்திரக்காரர் என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நிஜமாகவே பாராட்ட நினைத்திருந்தால் 'ஷ்ரூட்', அதாவது மதிநுட்பம் உள்ளவர், என்றிருப்பார். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் தீயவன், கேடு செய்கிறவன். கன்னிங் கீழே இறங்க, இது மேலே ஏறிக்கொண்டது. மூல அர்த்தம்தான் கணக்கு என்றால், உங்களை யாராவது ஷ்ரூட் என்று மெச்சும்போது நீங்கள் சட்டையைப் பிடிக்க வேண்டியிருக்கும். பேசுகிற நாளில் கேட்கிறவர் காதில் என்ன விழுகிறதோ, அதுதான் அர்த்தம். திட்டிவிட்டு அகராதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதற்கு இன்றைய ஆங்கிலத்தில் பொருத்தமான பெயர் ஒன்று உண்டு. அது கன்னிங்.

ஒன்று மட்டும் உதைக்கிறது. பார்க்கிங் பற்றி நீங்கள் சொன்ன அந்த யோசனை என்ன என்று கடைசிவரை எழுதவே இல்லையே, சார்?